டிரெசர் போனார், டாக்டர் எங்கே?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்று மலாக்கா பட்டணத்தில் குடியிருக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெயர் தவறாமல் வரும். டிரெசர். சிலர் தெரசர் என்பார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் குழாய், மேசையில் கலர் கலராக மருந்துப் புட்டிகள். காய்ச்சலுக்கும் அவர்தான், கத்தி பட்ட விரலுக்கும் அவர்தான். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தோட்டத்து லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதுபவரும் அவர்தான். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி மட்டம் போட நினைத்தவனை நாடியைப் பிடித்தே கண்டுபிடித்து, வெட்டுக்குத் திருப்பி அனுப்பியவரும் அவரேதான்! அதனால் அவரைப் பற்றிய நினைவுகளில் அன்பும் இருக்கும், கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

அந்த டிரெசரின் மருந்துக் கொட்டகை இன்று பழைய தோட்டங்கள் பலவற்றில் இல்லை. தோட்டமே இல்லாமல் போன இடங்களும் உண்டு. ரப்பர் நின்ற மண்ணில் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. பள்ளிக்கூடம் என்ன ஆகும், கோயில் என்ன ஆகும் என்று நம்மவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். மனு கொடுத்திருக்கிறார்கள், போராடியும் இருக்கிறார்கள். மருந்துக் கொட்டகை என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு. மிக்சர் தண்ணீரும் வெள்ளை மாத்திரையும் தந்த ஓர் அறைக்காக யார் கொடி பிடிப்பார்கள்? ஆனால் அந்த அறையோடு சேர்ந்து வேறொன்றும் போயிற்று. நோய் என்றால் இன்ன இடத்துக்குப் போக வேண்டும், இன்னார் பொறுப்பு என்ற தெளிவு போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எதிர்பாராத இடத்திற்கும் போய் வர வேண்டியுள்ளது. 1991 டிசம்பரில் உடைந்துபோன சோவியத் யூனியன்தான் அந்த இடம். மலாக்காவுக்கும் மாஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. முதலில் உள்ளூர்க் கதை.

முதலாளியின் பொறுப்பு

மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. மலாக்கா சீன வணிகரான டான் சே யான் 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி தந்த ஊக்கமே அதற்குக் காரணம். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில் ரப்பர் பயிரானது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் ஆள் வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே.

வந்தவர்கள் செத்தார்கள். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. காட்டை அழித்து ரப்பர் நடப்பட்ட மலையடிவாரங்களில் மலேரியா கொடிகட்டிப் பறந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர்களிடையே ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய டாக்டர் மல்கம் வாட்சன்தான், எல்லாக் கொசுவும் ஒரே கொசு அல்ல என்பதைத் தோட்ட முதலாளிகளுக்குப் புரிய வைத்தவர். சதுப்பு நிலத்துக் கொசு வேறு, மலையோடைக் கொசு வேறு. காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்தால் மலையோடைக் கொசு பெருகும். எனவே வடிகால் அமைப்பதும் எண்ணெய் தெளிப்பதும் இடத்துக்கு இடம் மாற வேண்டும் என்று அவர் காட்டினார். 1911இல் வந்த அவருடைய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது.

மனிதாபிமானத்தால் மட்டுமே நடந்த காரியம் அல்ல அது. கப்பல் கூலி கொடுத்துக் கொண்டு வந்த ஆள் ஆறு மாதத்தில் செத்துப்போனால் தோட்டத்துக்கு நஷ்டம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்தி பரவினால் அடுத்த கப்பலுக்கு ஆள் கிடைக்காது. அரசாங்கமும் தலையிட்டது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912இலும் 1923இலும் தொழிலாளர் சட்டங்கள் வந்தன. மலாக்கா நீரிணைக் குடியேற்றப் பகுதியைச் சேர்ந்ததால் அதற்குச் சட்டம் தனி. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மருந்து எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பெரிய தோட்டங்கள் சொந்த ஆஸ்பத்திரி கட்டின. சிறியவை பக்கத்துத் தோட்டங்களோடு கூட்டுச் சேர்ந்தன. ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் டிரெசர் உட்கார்ந்தார். மருத்துவ அதிகாரி எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களெல்லாம் டிரெசர் ராஜ்யம்தான்.

சுதந்திர மலேசியாவிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. டிரெசர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டு தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டத்திலும் (446ஆவது சட்டம் என்றால் தொழிற்சங்கத்தாருக்கு உடனே விளங்கும்) தோட்டங்களின் சுகாதாரம், மருத்துவ வசதி பற்றிய பகுதி இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. 1950களில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதன் கீழ் நான்கு துணை நிலையங்கள், ஒவ்வொரு இரண்டாயிரம் பேருக்கும் ஒரு மருத்துவச்சி கிளினிக் என்பது திட்டம். உலகச் சுகாதார வட்டாரங்களில் இன்றும் பாராட்டப்படும் திட்டம் இது. 1957இல் தீபகற்ப மலேசியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழ் இறங்கியதில் இந்தக் கிராமக் கிளினிக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பங்களுக்கும் ஃபெல்டா நிலத்திட்டங்களுக்கும் கிளினிக் போனது. தோட்டத்திற்குப் போகவில்லை. ஏன்? தோட்டம் தனியார் நிலம். அங்கே முதலாளி இருக்கிறார், அவருக்குச் சட்டம் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு.

கணக்கு தப்பவில்லை, முதலாளி இருந்தவரை.

1950களிலேயே வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பற்றி அரசாங்கத்திற்காக ஆராய்ந்த உங்கு அசீஸ் குழுவின் அறிக்கை 1963இல் வெளிவந்தது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதும் இந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். பெரிய தோட்டம் ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கராகச் சிதறினால் ஆஸ்பத்திரியை யார் நடத்துவது? புது முதலாளி ஒரு துண்டுக்குச் சொந்தக்காரர். ஆஸ்பத்திரி வேறொருவர் துண்டில் நிற்கும். கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அதன் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. 1970களில் பத்து பெரண்டாம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறினார்கள். இன்று மலாக்காத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள். பெரிய நிறுவனத் தோட்டங்களில் கிளினிக் இன்னும் உண்டு, டாக்டர் முறை வைத்து வந்து போவதும் உண்டு. ஆனால் அது செக்ரோலில் பெயர் இருப்பவர்களுக்கும் அவர்களின் குடும்பத்திற்கும் உரியது. மகன் ஆயர் குரோ தொழிற்சாலையில், அப்பா ஓய்வு பெற்றவர், வீடு மட்டும் இன்னும் தோட்டத்து லயத்தில் என்றால், அந்த அப்பா யார் கணக்கில் வருவார்?

கூட்டுப்பண்ணையும் இப்படித்தான்

இப்போது சோவியத் கதைக்கு வருவோம். சோவியத் ஆட்சியின் முதல் சுகாதார அமைச்சர் நிக்கோலாய் செமாஷ்கோ. 1918இல் அவர் பொறுப்பேற்று அமைத்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எல்லா மருத்துவமும் அரசாங்கத்தினுடையது, எல்லாருக்கும் இலவசம். பட்டணத்தில் பாலிகிளினிக், தொழிற்சாலையில் தொழிற்சாலைக்கென்று கிளினிக், கிராமத்தில் கூட்டுப்பண்ணை. அந்தக் கூட்டுப்பண்ணையில் மருந்து கொடுத்தவர் டாக்டர் அல்லர். 'ஃபெல்ட்ஷர்' என்று பெயர். டாக்டருக்குக் கீழே, தாதிக்கு மேலே. காய்ச்சல், காயம், பிரசவம் எல்லாம் பார்ப்பார். முடியாததை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். பழைய ஜெர்மானியப் படைகளில் வீரர்களின் காயத்திற்குக் கட்டுப்போட்ட நாவிதர்களைக் குறித்த சொல் அது. நம் டிரெசர் என்ற சொல்லும் காயத்திற்குக் கட்டுப்போடுபவர் என்பதிலிருந்து வந்ததே. ஒருவர் முதலாளித்துவத் தோட்டத்தில், மற்றவர் பொதுவுடைமைப் பண்ணையில். ஆனால் இருவரையும் அருகருகே நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்!

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. கூட்டுப்பண்ணையும் தோட்டத்தைப் போலவே வேலை, வீடு, பள்ளி, பிள்ளைக் காப்பகம், மருந்து எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருந்தது. அந்தக் கை தளர்ந்தால் எல்லாம் ஒன்றாக விழும். அப்படித்தான் விழுந்தது. 1992 ஜனவரியில் ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பணத்தின் மதிப்பு கரைந்தது. பண்ணைகளால் சம்பளமே கொடுக்க முடியவில்லை, மருந்துக்கு எங்கே போவார்கள்? ஃபெல்ட்ஷர் நிலையம் திறந்திருந்தது, அலமாரி காலியாக இருந்தது. 1987இல் ஏறக்குறைய 65 ஆக இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. குடியும் மன உளைச்சலும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பது உண்மைதான். ஆனால் தடுப்பூசியால் ஒழிந்துவிட்டதாக நினைத்த தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் கிளம்பி, 1990களில் அந்த நாடுகளில் 150,000க்கும் அதிகமானோரைத் தாக்கியதற்கு மருத்துவ ஏற்பாடு குலைந்துபோனதும் முக்கியக் காரணம்.

ஜோர்ஜியா நாட்டின் மேற்குப் பகுதியை மட்டும் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதுவும் தோட்ட நாடு. சோவியத் யூனியனின் தேநீருக்கு இலை பறித்துக் கொடுத்தது அந்தப் பகுதிதான். 1991க்குப் பிறகு வாங்க ஆளில்லாமல் தேயிலைத் தோட்டங்கள் காடாகிப் போயின. மருத்துவமோ கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கைக்காசு ஆகிவிட்டது. இலவசம் என்று போர்டில் எழுதியிருக்கும், ஆனால் டாக்டருக்கும் தாதிக்கும் 'காப்பிக் காசு' கொடுக்காமல் காரியம் நடக்காது. 2007 வாக்கில் அந்நாட்டு அரசாங்கம் ஆஸ்பத்திரிகளைத் தனியாரிடம் ஒப்படைக்கத் திட்டம் போட்டது. ஏழைகளின் சிரமம் தீரவில்லை. கடைசியில் 2013இல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பொதுத் திட்டத்தை அரசாங்கமே கொண்டு வந்தது.

கசகஸ்தான் வேறு பாடம். 1978 செப்டம்பரில் அதன் அன்றைய தலைநகரான அல்மா-அட்டாவில்தான் உலக நாடுகள் கூடி, ஆரம்ப நிலை மருத்துவம் மக்களின் வாசலுக்கு வர வேண்டும் என்று பிரகடனம் செய்தன. அதே கசகஸ்தான் 1996இல் கட்டாய மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் 1998இல் கைவிட்டது. 2020இல் மீண்டும் தொடங்கியது. மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டிவிடுவார். குழந்தை, முதியவர், பென்ஷன்காரர்களுக்கு அரசாங்கம் கட்டும். நடுவில் நிற்பவர்கள் இருக்கிறார்களே, சந்தையில் காய்கறி விற்பவர், அன்றாடக் கூலி, சொந்தமாக ஒரு வண்டி வைத்து ஓட்டுபவர், இவர்களில் பலர் காப்பீட்டுக்கு வெளியே நின்றார்கள். நம் மக்களில் எத்தனை பேர் இந்த 'நடுவில்' இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

ஓர் இடைச் செருகல். சோவியத் உடைந்த பிறகு அந்த நாடுகளோடு நமக்கு உண்டான நேரடி உறவு மருத்துவப் படிப்புதான். இங்கே இடம் கிடைக்காத, அல்லது கட்டணம் கட்ட முடியாத இந்தியப் பிள்ளைகள் ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் கிளம்பினார்கள். நகையை அடகு வைத்து, சேமநிதியை எடுத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர்களில் தோட்டத்துக்காரர்களும் உண்டு. 2005இல் உக்ரேனின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ள மலேசியா முடிவெடுத்தபோது எழுந்த கொந்தளிப்பைப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, அந்த மண்ணின் சரிவு சில தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு டாக்டரைக் கொடுத்தது. அந்த டாக்டர்களுக்குப் பின் வந்த தலைமுறையோ 2016 டிசம்பர் முதல் ஒப்பந்த முறையில் வேலைக்கு எடுக்கப்பட்டு, நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26ஆம் தேதி ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புச் சட்டையோடு நிற்க வேண்டி வந்தது.

ஒரு வெள்ளி மருந்து, நாற்பது வெள்ளி வாடகை

நியாயமாகப் பேச வேண்டும். மலேசிய அரசாங்க மருத்துவம் சோவியத்துக்குப் பிந்திய நாடுகளைப் போல் சரிந்துவிடவில்லை. வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணர் கிளினிக் ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி என்பது குடிமக்களுக்கு இன்றும் கிடைக்கும் ஏற்பாடு. தாதிக்குக் காசு கொடுத்தால்தான் ஊசி என்ற நிலை இங்கே இல்லை. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி, அலோர் காஜா, ஜாசின் மருத்துவமனைகள், மாவட்டமெங்கும் சுகாதாரக் கிளினிக்குகள் என்று வரைபடத்தில் பார்த்தால் சிறிய மாநிலமான மலாக்காவுக்குக் குறை சொல்ல முடியாது.

வரைபடத்தில் பஸ் தெரியாது. ஓர் உதாரணத்திற்கு, அசஹான் பக்கம் உள்ளடங்கிய லயத்தில் இருக்கும் எழுபது வயது அம்மாவை எண்ணிக்கொள்வோம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மாதா மாதம் மருந்து வாங்க வேண்டும், கண்ணையும் காலையும் அவ்வப்போது நிபுணர் பார்க்க வேண்டும். மலாக்கா பட்டணத்திற்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே செம்பனைக் காட்டுக்குள் நடக்க வேண்டும். மகன் லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லலாம், அன்றைய சம்பளம் போகும். தெரிந்தவர் காரைப் பேசினால் நாற்பது, ஐம்பது வெள்ளி கேட்பார். விடியற்காலையில் போய் எண் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது மதியம் தாண்டிவிடும். மருந்துக்கு ஐந்து வெள்ளி. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதைப் போல் பத்து மடங்கு. இரண்டு மாதம் போவார், மூன்றாம் மாதம் "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நிறுத்திவிடுவார். இனிப்பு நீர் வலிக்காத நோய். நிறுத்தியது தெரியாமலே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்.

இது கற்பனை அம்மாதான், ஆனால் நோய் கற்பனை அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. சொக்சோ சந்தா கட்டியவருக்கு அந்தச் செலவில் உதவி கிடைக்க வழி உண்டு. ஏஜெண்டு மூலம் ஒப்பந்த வேலை பார்த்து, சொக்சோவே இல்லாமல் இருந்தவர் அறக்கட்டளை மையங்களின் கதவைத் தட்ட வேண்டும். தோட்ட முதலாளி பார்த்துக்கொள்வார் என்ற காலத்தில் பிடித்த பழக்கத்தால், சொக்சோ பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதே மலாக்காவில் இன்னொரு காட்சியும் உண்டு. நீரிணைக்கு அக்கரையில், சுமத்திராவின் டுமாய் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரி ஏறி வரும் இந்தோனேசியர்கள் நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். மருத்துவச் சுற்றுலா மாநிலத்திற்கு நல்ல வருமானம் தருகிறது, அதில் தவறில்லை. ஆனால் கடலைத் தாண்டி வருபவருக்கு இருக்கும் வழி, செம்பனைக் காட்டைத் தாண்டி வருபவருக்கு இல்லை என்பதும் அதே ஊரின் உண்மைதான்.

அடையாள அட்டைப் பிரச்சினையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமலே வளர்ந்தவர்கள் உண்டு. 2011 பிப்ரவரியில் நடந்த மைடஃப்தார் இயக்கத்தில் பதிவுக்கு வந்தவர்களைப் பார்த்தபோதுதான் பலருக்கு இதன் பரிமாணம் புரிந்தது. ஆவணமில்லாதவர் இந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் அரசாங்க மருத்துவமனையில் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான், பல மடங்கு அதிகம். ஒரு வெள்ளிச் சீட்டு அவருக்கு இல்லை. பேத்தி பிறக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தால், பத்திரமில்லாத இன்னொரு பிள்ளை உருவாகும்.

சீர்திருத்தம் வரும்போது யார் கணக்கில் வருவார்?

இந்நாட்டில் மருத்துவச் சீர்திருத்தப் பேச்சு புதிதல்ல. தேசிய மருத்துவ நிதி ஒன்று தேவை என்ற யோசனை 1980களிலிருந்தே அவ்வப்போது தலைகாட்டுகிறது. 1990களில் மருந்து கொள்முதலும் மருத்துவமனைத் துப்புரவு, பராமரிப்பு வேலைகளும் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. அரசாங்கச் சம்பளத்தில் இருந்த ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை ஒப்பந்த வேலையானது அப்போதுதான். '1கேர்' என்ற திட்டம் 2009க்குப் பிறகு பேசப்பட்டு, சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடுமோ என்ற அச்சத்தில் எழுந்த எதிர்ப்பால் 2012 வாக்கில் கிடப்பில் போடப்பட்டது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. பதினைந்து ஆண்டுகளுக்கான திட்டம். மருத்துவமனையை மட்டும் நம்பாமல் ஆரம்ப நிலைக் கிளினிக்கைப் பலப்படுத்த வேண்டும், நோய் வருமுன் தடுக்க வேண்டும், நிதிக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது அது. அல்மா-அட்டாவில் 1978இல் சொன்னதுதான், சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

நல்ல யோசனைகளே. ஆனால் 1950களில் கிராமக் கிளினிக் திட்டமும் நல்ல யோசனைதான். அதில் தோட்டத்து மக்கள் வேறொருவர் பொறுப்பு என்று ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். இப்போதைய சீர்திருத்தம் சம்பளக்காரரை முதலாளி கணக்கிலும் பரம ஏழையை அரசாங்கக் கணக்கிலும் எழுதிவிட்டு நடுவில் நிற்பவரை மறந்தால், கசகஸ்தானில் நடந்தது இங்கேயும் நடக்கும். காப்பீடா, வரியா என்ற வாதத்தை விட, ஏஜெண்டிடம் தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு யார் பணம் கட்டுவார் என்ற கேள்விதான் நம் மக்களுக்கு முக்கியம். அதை எம்.பி.யிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேராகவே கேட்கலாம்.

கிர்கிஸ்தானில் நடந்த ஒன்று நமக்குப் பயன்படும். மலைநாடு, ஏழை நாடு. 1990களின் நடுப்பகுதியில் சீர்திருத்தத்தைத் தொடங்கி, கட்டாயக் காப்பீட்டு நிதி ஒன்றை அமைத்தார்கள். மறைமுகமாகக் கை மாறிய காசுக்குப் பதிலாக, நோயாளியின் பங்கு இவ்வளவுதான் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். அதோடு 2002 வாக்கில் நரின் என்ற மலைப் பகுதியில், சுவிட்சர்லாந்தின் உதவியோடு கிராமச் சுகாதாரக் குழுக்கள் தொடங்கின. ஊர்க்காரர்களே கூடி, எங்கள் ஊரில் எது பெரிய நோய் என்று பட்டியல் போட்டார்கள். சமையல் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று சோதித்தார்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்து ஃபெல்ட்ஷரிடம் அனுப்பினார்கள். டாக்டர் இல்லாத ஊரில், யாருக்கு டாக்டர் தேவை என்பதாவது தெரிந்தது. குழுக்கள் நாடு முழுவதும் பரவின.

நம்மிடம் அதற்கு ஆள் இல்லையா? தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆள் உண்டு. தோட்டம் மூடி இருபது ஆண்டுகளான பிறகும் கோயில் திருவிழாவுக்குப் பிரிந்த குடும்பங்களை ஒரு கமிட்டி கூட்டிவிடுகிறது. கூடிய அன்றே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேசை போடுவதில் பெரிய செலவில்லை. சில ஊர்களில் செய்கிறார்கள். ஆனால் பார்த்துவிட்டு அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. அந்தச் சீட்டோடு யார் கிளினிக்கு போனார், யார் போகவில்லை என்று அடுத்த மாதம் கேட்பதுதான் டிரெசர் செய்த வேலை.

அரசாங்கத்திடம் ஏற்கெனவே உள்ளதையும் நாம் முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. பெக்கா பி40 திட்டம் 2019இல் தொடங்கியது. உதவித்தொகை (இப்போது எஸ்.டி.ஆர்.) பெறுபவரும் அவர் துணைவரும் நாற்பது வயதைத் தாண்டியிருந்தால், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகச் சோதனை செய்துகொள்ளலாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு ஆயிரம் வெள்ளி ஊக்கத்தொகை உண்டு. மருத்துவக் கருவி தேவைப்படுவோருக்கும் புற்றுநோய் சிகிச்சைக்குப் போவோருக்கும் போக்குவரத்துக்கென்று தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை உதவி உண்டு. மாத மருந்துக்குப் போகும் இனிப்பு நீர்க்காரருக்கு அந்தப் போக்குவரத்து உதவி கிடையாது. நாற்பது வெள்ளி வாடகை அவர் தலையில்தான்.

அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. தொடர் சிகிச்சையில் உள்ளவர்கள் அடுத்தடுத்த மாத மருந்தை அஞ்சலில் பெறும் ஏற்பாட்டை அரசாங்க மருத்துவமனை மருந்தகங்கள் வைத்திருக்கின்றன. அஞ்சல் செலவு மட்டும் நோயாளியுடையது, கார் வாடகையோடு ஒப்பிட்டால் சொற்பம். மருந்து வாங்கும் முகப்பிலேயே கேட்டு விண்ணப்பிக்கலாம். லயத்து வீட்டிற்குத் தபால் தோட்ட ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும் என்றால், பட்டணத்தில் இருக்கும் மகள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவது நல்லது. இன்சுலின் போன்ற குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு மட்டும் நேரில்தான் போக வேண்டியிருக்கும். எண் எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில், அடுத்த தவணைக்கு ஜாசினுக்கோ வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்கோ மாற்றித் தர முடியுமா என்றும் டாக்டரிடம் கேட்டு வைக்கலாம்.